பூமிக்கு வெளியே பூமி: உயிர்த் தேடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'இன்னொரு பூமி கண்டுபிடிப்பு' என்ற செய்தி ஆண்டுக்குப் பலமுறை வருகிறது. கூடவே நீலக் கடலும் வெண்மேகமுமாக ஒரு படமும் வரும். அதைப் படித்த பிறகு எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விரிவாகச் சொல்ல வேண்டியதை விரிவாகவும், ஒரு வரியில் முடிவதை ஒரு வரியிலும் சொல்லியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வேறு எங்காவது உயிர் இருப்பது உறுதியாகிவிட்டதா?

இல்லை. ஒரு கிருமி, ஒரு பாசி, அதன் எச்சம் என்று எதுவும் கிடைக்கவில்லை. 'இருக்கலாம்' என்று கிளம்பிய செய்திகள் உண்டு. அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கல் ஒன்றில் நுண்ணுயிரின் தடயம் தெரிவதாக 1996இல் அறிவித்தார்கள். பூமியில் நுண்ணுயிர்களோடு தொடர்புடைய பாஸ்பீன் என்ற வாயு வெள்ளியின் மேகங்களில் இருப்பதாக 2020இல் அறிவித்தார்கள். முன்னதை இன்று மிகச் சிலரே ஏற்கிறார்கள். பின்னதில் வழக்கு இன்னும் முடியவில்லை.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே எத்தனை கோள்கள் தெரியும்?

நாசாவின் பட்டியல் 2025 செப்டம்பரில் 6,000ஐத் தொட்டது. சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் முதல் கோளை 1995இல் மிஷேல் மேயரும் டிடியே கெலோவும் அறிவித்தார்கள். அதற்காக 2019இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 51 பெகாசி பி என்ற அந்தக் கோள் வியாழன் வகையைச் சேர்ந்த ராட்சசன். தன் விண்மீனை நாலே கால் நாளில் சுற்றி முடித்துவிடுகிறது. வியாழன் அளவுள்ள ஒன்று விண்மீனுக்கு அத்தனை நெருக்கத்தில் இருக்கும் என்று அதுவரை பாடப்புத்தகம் எதுவும் சொன்னதில்லை.

பட்டியல் நீளமானதுதான். ஆனால் பாறைக் கோளாகவும், அதிகம் வேகாமல் அதிகம் உறையாமல் இருக்கக்கூடிய தொலைவில் இருப்பதாகவும் கருதத்தக்கவை அதில் சில டஜன்தான். அவற்றிலும் வளிமண்டலம் இருக்கிறதா என்று இன்றைய கருவியால் சோதிக்க முடிந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

'பூமியைப் போன்ற கோள்' என்கிறார்களே, எந்த அளவுக்குப் போன்றது?

பெரும்பாலும் இரண்டே எண்களின் அளவுக்கு. ஒன்று, கோளின் ஆரம். மற்றொன்று, தன் விண்மீனிடமிருந்து அது பெறும் வெப்பம். இந்த இரண்டும் பூமியின் எண்களுக்கு அருகில் வந்தால் தலைப்பு தயாராகிவிடுகிறது. கடல் இருக்கிறதா, காற்று இருக்கிறதா, நிலம் இருக்கிறதா என்பது அந்த எண்களில் இல்லை. பல கோள்களுக்கு எடைகூடத் தெரியாது. 2015இல் 'பூமியின் ஒன்றுவிட்ட அண்ணன்' என்கிற தோரணையில் அறிமுகமான கெப்ளர்-452பி அப்படிப்பட்டது. அதன் ஆண்டு 385 நாள், ஆரம் பூமியைப்போல் சுமார் 1.6 மடங்கு. எடை அளக்கப்படவில்லை. அது பாறையா என்பதே ஊகம்தான்.

எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் வெள்ளியை நினைத்துக்கொள்வது நல்லது. வெள்ளியின் ஆரம் பூமியின் ஆரத்தில் 95 விழுக்காடு, எடை 81 விழுக்காடு. நம்மிடம் இருப்பது போன்ற கருவிகளோடு தொலைவில் யாராவது இருந்து பார்த்தால், பூமியையும் வெள்ளியையும் இரட்டைப் பிள்ளைகள் என்றே குறித்துக்கொள்வார்கள். ஒன்றின் தரையில் நெல் விளைகிறது. மற்றதன் தரை 460 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது, காற்றழுத்தமோ நமக்கு இருப்பதைப்போல் 90 மடங்கு.

வாழத்தகு மண்டலத்தில் இருந்தால் போதாதா?

போதாது. நீர் திரவமாக நிற்கக்கூடிய தொலைவுதான் அந்த மண்டலம். நீர் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. அந்தத் தொலைவைக் கணக்கிடும்போது கோளுக்கு ஏற்ற வளிமண்டலம் இருப்பதாக முன்கூட்டியே வைத்துக்கொள்கிறார்கள். காற்றில் பசுமைக்குடில் வாயுக்கள் இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலையே மைனஸ் 18 டிகிரிக்குப் போய்விடும். எனவே எந்தக் கோளானாலும் முதல் கேள்வி காற்றைப் பற்றியதுதான்.

இவ்வளவு தொலைவில் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலும் கோளைப் பார்ப்பதே இல்லை. விண்மீனைப் பார்த்து, கோள் இருப்பதை ஊகித்துக்கொள்கிறார்கள்.

அதிகம் பலன் தந்தது கடப்பு முறை. கோள் தன் விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கடந்து போனால் விண்மீனின் வெளிச்சம் துளி குறையும். எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் முன்னால் ஒரு கொசு பறப்பதை, வெளிச்சம் குறைவதைக் கொண்டே கண்டுபிடிப்பது போன்ற வேலை இது. வியாழன் சூரியனைக் கடந்தால் 1 விழுக்காடு வெளிச்சம் குறையும். பூமி கடந்தால் 0.0084 விழுக்காடுதான். அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை, அரை நாள் நேரம். சுற்றுப்பாதை நம் பார்வைக் கோட்டில் சரியாக அமைந்திருந்தால்தான் அதையும் காண முடியும். சூரியன், பூமி போன்ற ஜோடிக்கு அந்த அமைப்பு வாய்க்கும் சாத்தியம் 200இல் ஒன்று. அதனால்தான் 2009இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை ஒரே மூச்சாகக் கண்காணித்தது. 2,600க்கும் அதிகமான கோள்கள் கிடைத்தன.

இன்னொரு முறை, விண்மீனின் தள்ளாட்டத்தை அளப்பது. கோள் இழுக்க, விண்மீனும் சற்று அசைகிறது. வியாழன் சூரியனை நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் அசைக்கிறது. பூமியால் முடிவது 9 சென்டிமீட்டர். சூரியனின் மேற்பரப்போ எப்போதும் அதைவிடப் பல மடங்கு வேகத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த இரைச்சலில் 9 சென்டிமீட்டரைப் பிரித்தெடுக்கும் வித்தை இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை.

செய்தியோடு வரும் படங்கள்?

ஓவியங்கள். ஒரு சில ராட்சசக் கோள்கள் மட்டும் ஒளிப்புள்ளிகளாக நேரடியாகப் படம் பிடிக்கப்பட்டிருக்கின்றன. பூமி அளவுள்ள புறக்கோள், அதாவது சூரியக் குடும்பத்துக்கு வெளியே இருக்கும் கோள், ஒன்றின் புகைப்படம் உலகத்தில் எவரிடமும் கிடையாது. ஓவியத்தின் கீழே பொடி எழுத்தில் 'கற்பனைச் சித்திரம்' என்று போடுவார்கள். பகிரும்போது அந்த வரி மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடும்.

டிராப்பிஸ்ட்-1 என்ற பெயரே திரும்பத் திரும்ப வருகிறதே, அதில் என்ன விசேஷம்?

கும்ப ராசி மண்டலத்தில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் மங்கலான சிவப்புக் குறுமீன் அது. ஆரத்தில் வியாழனைவிடச் சற்றே பெரியது, எடையில் சூரியனின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் ஜில்லான் குழு, சிலியில் இருக்கும் 60 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கொண்டு இதைத் தொடர்ந்து கவனித்து, 2016இல் அதன் கோள்களை அறிவித்தது. 2017 பிப்ரவரியில் எண்ணிக்கை ஏழானது. ஏழும் பூமியை ஒட்டிய அளவு. ஏழின் பாதைகளும் நம் புதனின் பாதைக்குள் அடங்கிவிடும். உள்ளே இருப்பதற்கு ஆண்டு ஒன்றரை நாள், கடைசியில் இருப்பதற்குப் பத்தொன்பது நாள்.

ஆய்வாளர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் எளியது. விண்மீன் சிறியது, எனவே கோள் மறைக்கும் பங்கு பெரியது. நான்காவது கோளான டிராப்பிஸ்ட்-1 இ கடக்கும்போது சுமார் அரை விழுக்காடு வெளிச்சம் குறைகிறது. பூமி சூரியனை மறைப்பதோடு ஒப்பிட்டால் இது 60 மடங்கு. தவறவிட்டாலும் ஆறு நாளில் அடுத்த கடப்பு வந்துவிடும். வாழத்தகு மண்டலத்தில் இருக்கும் பாறைக் கோள் ஒன்றின் காற்றைச் சோதிக்க இதைவிட வசதியான இடம் இப்போதைக்கு இல்லை.

அங்கே இதுவரை என்ன தெரிந்திருக்கிறது?

காற்று இல்லாதவையாகத் தோன்றும் கோள்கள் தெரிந்திருக்கின்றன. உள்ளிருந்து முதலாவதான 'பி' கோளின் பகல் பக்கம் சுமார் 230 டிகிரி என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் அளந்தது. காற்று இருந்திருந்தால் வெப்பத்தை இரவுப் பக்கத்துக்கும் பகிர்ந்திருக்கும், பகல் இவ்வளவு சூடாகாது. அடுத்த 'சி' கோளில் வெள்ளியில் இருப்பது போன்ற அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு இல்லை. 'டி' கோளிலும் பூமியின் காற்றை ஒத்த எதுவும் தென்படவில்லை என்று 2025இல் வந்தது.

எல்லோரும் காத்திருந்தது 'இ' கோளுக்காக. முதல் நான்கு கடப்புகளின் முடிவு 2025 செப்டம்பரில் வெளியானது. ஹைட்ரஜன் நிறைந்த காற்று இல்லை என்பது தெளிவு. அடர்ந்த கார்பன் டை ஆக்சைடும் இருப்பதாகத் தெரியவில்லை. நைட்ரஜன் மிகுந்த, நம்முடையதைப் போன்ற காற்று இருக்கலாம். ஒன்றுமே இல்லாத மொட்டைப் பாறையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் தரவு இடம் தருகிறது. மீத்தேனின் சாயல் ஒன்று தெரிந்தது. ஆனால் அதைச் சொன்ன ஆய்வாளர்களே, இது விண்மீனின் வேலையாக இருக்கக்கூடும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. டிராப்பிஸ்ட்-1இன் முகம் முழுக்கப் புள்ளிகள். அதன் வெப்பம் 2,300 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்பதால், புள்ளிகளில் இருக்கும் வாயுக்கள் மூலக்கூறுகளாகவே நீடித்து, கோளின் காற்றைப் போலவே நிறமாலையில், அதாவது நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் விண்மீன் ஒளியில், கோடு போடுகின்றன. தேடுகிற கையெழுத்தை விளக்கே போட்டுக் காட்டினால் என்ன செய்வது? இதற்கு ஒரு சாமர்த்தியமான வழி கண்டிருக்கிறார்கள். காற்றில்லாததாகக் கருதப்படும் 'பி' கோளும் 'இ' கோளும் அடுத்தடுத்துக் கடக்கும் வேளைகளாகப் பார்த்து அளக்கிறார்கள். 'பி'யில் தெரியும் கோடுகள் எல்லாம் விண்மீனுடையவை. அவற்றைக் கழித்த பிறகு 'இ'யில் எஞ்சுவதுதான் கணக்கு.

உயிர் இருந்தால் எந்த அடையாளம் தெரியும்?

ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் வாயுக்கள் சேர்ந்தே இருப்பது. ஆக்சிஜன் இருக்கும் காற்றில் மீத்தேன் பத்து ஆண்டு அளவில் சிதைந்துபோகும். பூமியில் இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்றால், இரண்டையும் யாரோ தொடர்ந்து ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். ஒரு பக்கம் பச்சையம், மறுபக்கம் சதுப்பு நிலத்து நுண்ணுயிர்களும் அசைபோடும் மாடுகளும். கோளின் காற்றைப் பார்த்தே உயிரை ஊகிக்கலாம் என்ற இந்த யோசனையை பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேம்ஸ் லவ்லாக் 1965இலேயே முன்வைத்தார்.

யோசனை வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வியாழனுக்குப் புறப்பட்ட கலிலியோ விண்கலம், வேகம் கூட்டிக்கொள்வதற்காக 1990 டிசம்பரில் பூமியை உரசுவது போல 960 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தது. வானியலாளர் கார்ல் சேகனின் குழு அதன் கருவிகளைப் பூமியின் பக்கம் திருப்பி, பூமியைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களைப்போலத் தரவை ஆராய்ந்தது. ஏராளமான ஆக்சிஜன், அதோடு பொருந்தாத அளவில் மீத்தேன், நிலத்தில் சிவப்பொளியை விழுங்கும் ஏதோ ஒரு நிறமி, இயற்கையில் வராத வகையில் அமைந்த வானொலி அலைகள் ஆகியவை சிக்கின. 1993இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த அந்தக் கட்டுரை, பூமியில் உயிர் இருக்கிறது என்று உரிய தயக்கத்தோடு முடிவு சொன்னது! இந்தத் துறையில் இதுவரை வெற்றி பெற்ற ஒரே கண்டுபிடிப்பு அதுதான் என்பது என் கருத்து.

ஆக்சிஜன் மட்டும் கிடைத்தால்?

உடனே கொண்டாட முடியாது. கடுமையான புற ஊதா ஒளி நீராவியை உடைத்து, லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிட்டால், உயிரே இல்லாமல் ஆக்சிஜன் குவியும். இளமையில் பிரகாசமாக எரியும் சிவப்புக் குறுமீன்களைச் சுற்றி இது நடக்க நல்ல வாய்ப்பு உண்டு. மறுபக்கமும் இருக்கிறது. பூமியில் உயிர் தோன்றியபின் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் காற்றில் ஆக்சிஜன் சேரவே இல்லை. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் அது பெருகத் தொடங்கியது. அதற்கு முன்னால் நம்மை யாராவது நோட்டமிட்டிருந்தால், உயிரற்ற கோள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

கே2-18 பி கோளில் உயிரின் வாசனை தெரிந்தது என்று 2025இல் பரபரப்பாக வந்ததே?

வந்தது. சிம்ம ராசி மண்டலத்தில் 124 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கோள் அது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு, அதன் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவான டைமெத்தில் டைசல்ஃபைடு இருப்பதற்கான அறிகுறியை ஏப்ரலில் வெளியிட்டது. பூமியில் டைமெத்தில் சல்ஃபைடைப் பெரும்பாலும் கடல் மிதவை உயிரிகள் உண்டாக்குகின்றன. எனவேதான் பரபரப்பு.

முதல் சிக்கல், கோள் பூமியைப் போன்றதே இல்லை. எடை எட்டரை மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. ஹைட்ரஜன் காற்றுக்கு அடியில் கடல் இருக்கலாம் என்பது மதுசூதன் குழுவின் கருதுகோள். நெப்டியூனின் தம்பி என்பது மற்றவர்கள் வாதம்.

இரண்டாவது, எண்ணிக்கை. அறிவிப்பு 3 சிக்மா நிலையில் இருந்தது. அதாவது இந்தச் சாயல் தற்செயலாக வந்திருக்கும் சாத்தியம் 0.3 விழுக்காடு. கேட்பதற்குச் சின்ன எண்தான். ஆனால் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல வழக்கமாகக் கேட்கப்படுவது 5 சிக்மா, அதாவது 0.00006 விழுக்காட்டுக்கும் கீழே. அதே தரவை வேறு குழுக்கள் வேறு முறையில் அலசியபோது அந்தச் சாயலே கரைந்துபோனது.

மூன்றாவது, வாயு இருந்தாலும் உயிர் இருக்க வேண்டியதில்லை. ரோசெட்டா விண்கலம் தொடர்ந்து சென்ற 67பி வால்விண்மீனில் இதே டைமெத்தில் சல்ஃபைடு இருந்தது 2024இல் தெரியவந்தது. வால்விண்மீனில் மிதவை உயிரி ஏது? ஆய்வகத்தில் வாயுக் கலவையின்மேல் புற ஊதா ஒளி பாய்ச்சியும் இதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் அங்கே இருப்பதாக 2023இல் அறிவித்ததே என் பார்வையில் பெரிய சாதனை. அதற்குப் பாதி தலைப்புகூடக் கிடைக்கவில்லை.

உயிர் நம்மைப் போலவே நீரையும் கார்பனையும் நம்பித்தான் இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் தெரியாத உயிரின் தடயம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பிக்க முடியாது. ஹைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் மூன்றுமே பிரபஞ்சத்தில் தாராளமாகக் கிடைப்பவை என்பதால் இங்கிருந்து தொடங்குவதில் நியாயமும் இருக்கிறது.

பக்கத்தில் செவ்வாயும் வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவும் இருக்க, ஏன் இவ்வளவு தொலைவு?

இரண்டு தேடலும் நடக்கின்றன. யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரில் புறப்பட்டுவிட்டது, 2030இல் வியாழனை அடையும். பக்கத்துத் தேடலில் கல்லையும் பனியையும் நேரடியாகத் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் செவ்வாயில் உயிர் கிடைத்தாலும், விண்கற்கள் வழியே பூமிக்கும் அதற்கும் போக்குவரத்து இருந்ததால், அது நம் சொந்தக்காரனோ என்ற சந்தேகம் எழும். வேறொரு விண்மீனைச் சுற்றும் உயிருக்கு அந்தச் சந்தேகம் அநேகமாக வராது.

அறிவுள்ள உயிர்களைத் தேடுவது என்ன ஆயிற்று?

1960இல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கியை டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களின் பக்கம் திருப்பித் தொடங்கி வைத்தார். இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதுவும் உறுதியாகவில்லை. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2019இல், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் திசையிலிருந்து பதிவுசெய்த அலை ஒன்று ஆசை காட்டியது. அலசிப் பார்த்ததில் நம்முடைய மின்னணுச் சாதனங்களின் இடையூறுதான் என்று 2021இல் முடிவானது.

பறக்கும் தட்டுகள்?

இந்தப் பக்கத்தின் எல்லைக்குள் வராதவை.

நாம் அங்கே போக முடியுமா?

நம் கைக்கு எட்டிய வேகத்தில் முடியாது. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வாயேஜர்-1 விண்கலத்துக்கு, பிராக்சிமா சென்டாரி இருக்கும் 4.24 ஒளியாண்டைக் கடக்கவே சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். டிராப்பிஸ்ட்-1க்கு 7 லட்சம் ஆண்டுகள். 'பூமி கெட்டுவிட்டால் அங்கே குடியேறலாம்' என்ற பேச்சை இந்த எண்களோடு சேர்த்துக் கேட்டால் அதன் தரம் புரியும்.

இந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்த டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஓஃபியூக்கி என்ற இரட்டை விண்மீனின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று கவனித்து, கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுக்கிறது போலும் என்று 1855இல் எழுதினார். புறக்கோள் பற்றி அளவீட்டை அடிப்படையாகக் கொண்டு எழுந்த மிகப் பழைய அறிவிப்புகளில் அது ஒன்று. கோள் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அவர் நம்பிய தத்துவம், அதாவது இழுபடும் விண்மீனைக் கொண்டு இழுக்கும் கோளை அறிவது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

விண்மீன் ஒளி குறைவதைப் பார்த்து மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையும் இங்கே நடந்ததுண்டு. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்த 1977 மார்ச் 10 அன்று, ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூரிலிருந்து பார்த்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் வெளிச்சம் எதிர்பாராமல் ஒருமுறை குறைந்ததைப் பதிவுசெய்தார்கள். புதிய துணைக்கோள் என்று முதலில் கருதினார்கள். அது யுரேனஸின் வளையம்.

விடை எப்போது கிடைக்கும்?

தேதி சொல்பவரை நம்ப வேண்டாம். கருவிகளைப் பற்றி மட்டும் பேசலாம். சூரியனைப் போன்ற விண்மீனைச் சுற்றும் பூமியின் ஒளியை நேரடியாகப் பிடிப்பதுதான் உண்மையான இலக்கு. காண்பொளியில் பூமி சூரியனைவிட ஆயிரம் கோடி மடங்கு மங்கல். ஜேம்ஸ் வெப் அதற்காகக் கட்டப்பட்டதல்ல. சிலியில் எழும்பிக்கொண்டிருக்கும் 39 மீட்டர் ஆடி கொண்ட ஐரோப்பியத் தொலைநோக்கி, அருகில் இருக்கும் சிவப்புக் குறுமீன்களின் கோள்களில் முயன்று பார்க்கும். நாசா திட்டமிடும் வாழத்தகு உலகங்கள் ஆய்வகம், விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு 25 கோள்கள் அளவிலாவது காற்றைச் சோதிக்கும் நோக்கம் கொண்டது. அது 2040களுக்கான திட்டம், பணம் தொடர்ந்து வந்தால்.

கிடைக்கும்போதும் ஒரே நாளில் கிடைக்காது. முதலில் ஒரு வாயு, பிறகு அதன்மேல் சந்தேகம், மறு அளவீடு, எரிமலையா ஒளிவேதியியலா என்ற விசாரணை என்று பத்து இருபது ஆண்டுகள் இழுக்கலாம்.

இவற்றில் ஏதாவது வெறும் கண்ணுக்குத் தெரியுமா?

கோள் தெரியாது. டிராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனே சாதாரணத் தொலைநோக்கிக்கு எட்டாது, பிராக்சிமாவும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிராக்சிமாவின் அக்காவான ஆல்ஃபா சென்டாரி நன்றாகத் தெரியும். மே, ஜூன் மாதங்களில் முன்னிரவில் தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரே உயரத்தில் இரண்டு பிரகாசமான விண்மீன்கள் இருக்கும். கிழக்குப் பக்கம் இருப்பதுதான் ஆல்ஃபா சென்டாரி. ஆல்ஃபா சென்டாரியே ஓர் இரட்டை விண்மீன். அதில் ஒன்றான 'ஏ' விண்மீனின் வாழத்தகு மண்டலத்தில் சனி அளவுக் கோள் ஒன்று இருக்கலாம் என்று ஜேம்ஸ் வெப் தரவைக் கொண்டு 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். உறுதியாகவில்லை. ஆல்ஃபா சென்டாரி சென்னையில் அடிவானத்திலிருந்து அதிகபட்சம் 16 டிகிரி உயரம்தான் வரும், கன்னியாகுமரியில் 21 டிகிரி. தெற்கே கட்டடமோ மரமோ மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால் போதும்.